பிறர் பாடிய பாட்டு

ஒருவர் பாடிப் புகழ்பெறச் செய்த பாட்டை மற்றொருவர் தம் குரலில் பாடி இசைத்தட்டாக வெளியிடும் வழக்கத்தில் பிறக்கும் ‘கவர்’ பாடல்களை விரும்பிக் கேட்டுக்கொண்டே அவற்றின்மேல் மனத்தாங்கலும் கொண்டிருக்கும் ரசிகர்களில் நானும் ஒருவன். கர்நாடக சங்கீதத்தில் பழகிய காதுக்கு இதில் குறை காண நியாயமில்லை. தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனையை அரியக்குடியும் செம்மங்குடியும் ஜி. என். பி.யும் மதுரை மணியும் பாடக் கேட்டவர்கள், இவற்றில் எது மூலம், எது பிரதி என்று விசாரித்ததில்லை. பாடுகிறவரின் மனோதர்மத்துக்கு இடம்விட்டு அமைந்த உருப்படியில் ஒரு புதிய சங்கதி சேர்ந்தால், அதைக் கீர்த்தனைக்கு வாய்த்த பாக்கியமாகவே கொள்கிறோம். ஆனால், இசைத்தட்டுக்கென்றே பிறந்த பாட்டில் சாகித்தியமும் மெட்டும் மட்டுமன்றி, முதலில் பாடியவரின் சாரீரமும், வாத்தியங்களின் சேர்க்கையும், அவர் மூச்சு வாங்கும் இடமும்கூடப் பாட்டின் அங்கங்களாகிவிடுகின்றன. அத்தகைய பாட்டை எடுத்துப் பாடுகிறவர், இயற்றியவரிடம் மட்டுமன்றி முதலில் பாடியவரிடமும் கடன்படுகிறார்.

இந்த இரண்டாவது கடனைச் சட்டம் அறியவில்லை. அமெரிக்காவின் 1909-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையாளர் இசைவுடன் ஒருமுறை பதிவான பாட்டை, பிரதி ஒன்றுக்கு 2 செண்டு செலுத்திவிட்டு எவரும் மீண்டும் பதிவு செய்யலாம் என்றிருந்தது. அத்தொகை இயற்றியவரின் தரப்புக்குப் போயிற்று. முதலில் பாடியவருக்கு ஒன்றுமில்லை. கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளை வெள்ளையரின் வானொலி நிலையங்கள் பெரும்பாலும் ஒதுக்கிவைத்திருந்த 1950-களில் இதன் விளைவு கொடியதாக இருந்தது. லவெர்ன் பேக்கர் என்ற கறுப்பினப் பாடகியின் ‘ட்வீடில் டீ’யை, அதன் வாத்திய அமைப்பு முதற்கொண்டு பின்பற்றி, ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளையர் 1955-இல் பாடி, விற்பனையில் முந்திவிட்டார். வாத்திய அமைப்பை அப்படியே நகலெடுப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று பேக்கர் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் சார்லஸ் டிக்ஸுக்கு எழுதியும் பயனில்லை. இத்தகைய நகலைக் கலை என்று ஒப்ப என்னால் இயலாது. புதிதாக ஒன்றும் தராமல், முன்னவருக்கு உரிய இடத்தை மட்டும் அது பிடித்துக்கொள்கிறது.

என் மனம் இரண்டுபடுவது நகல் விஷயத்தில் அன்று. உண்மையாகவே புதுப்பிக்கப்பட்ட பாட்டின் விஷயத்தில். ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற இரு இளைஞர்கள் ‘பிக் மாமா’ தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகிக்கென்றே எழுதிய ‘ஹவுண்ட் டாக்’, 1952-இல் லாஸ் ஏஞ்சலஸில் பதிவாகி, அடுத்த ஆண்டு வெளிவந்தது. உதவாத ஆடவன் ஒருவனை வீட்டு வாசலிலிருந்து விரட்டுகிற பெண்ணின் ஏளனமும் கம்பீரமும் அந்தக் கரகரத்த கனத்த குரலில் நிறைந்திருந்தன. 1956-இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியதோ, லாஸ் வேகஸில் வேறொரு குழுவிடம் அவர் கேட்ட, சொற்கள் மாறிய வடிவம். அதில் அந்தப் பெண்ணும் இல்லை, அவளுடைய கோபமும் இல்லை. பாட்டு வெறும் நாயைப் பற்றியதாகிவிட்டது. எனினும், அதன் வேகத்தையும் முரசின் அதிர்வையும் கேட்டு உடல் சிலிர்க்காதிருப்பது அரிது. அது நகலன்று என்று ஒப்புக்கொள்கிறேன். அது 11 வாரம் முதலிடத்தில் நின்றது; தமக்குக் கிடைத்ததெல்லாம் 500 டாலர்தான் என்று தார்ன்டன் சொல்லிவந்தார். எல்விஸின் பாட்டு நன்றாயிருக்கிறது என்பதால் தார்ன்டனுக்கு நேர்ந்த அநீதி குறைந்துவிடாது; அநீதி நேர்ந்தது என்பதால் பாட்டின் நயமும் பொய்யாகிவிடாது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இவ்வழக்கத்தின் சிகரம் என்று நான் கருதுவது ‘ரெஸ்பெக்ட்’. ஓட்டிஸ் ரெட்டிங் 1965-இல் தாமே இயற்றிப் பாடியபோது, அது வீடு திரும்பும் ஆடவன் தன் மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு. 1967-இல் அரீதா பிராங்ளின் அதையே பெண்ணின் வாக்காக்கி, அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக உச்சரித்து, தம் சகோதரிகள் பின்னின்று குரல் கொடுக்க, கெஞ்சுவதற்கு இடமே இல்லாத உரிமைக் குரலாக முழங்கினார். சாகித்தியம் பெரும்பாலும் பழையதே. கேட்பவர் யார், எவரிடம் கேட்கிறார் என்பது தலைகீழாயிற்று. ரெட்டிங்கின் பாட்டில் இப்படியொரு பொருளும் அடங்கியிருந்ததென்பதை, பிறர் பாடியிராவிட்டால் அவரேகூட அறிந்திருக்க மாட்டார். அவ்வாண்டு ஜூனில் மான்டரே இசை விழாவில் அதைப் பாடப் புகுந்தவர், ஒரு பெண் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்ட பாட்டு இது என்று சபையோருக்கு அறிமுகம் செய்தார். அவளைத் தோழி என்றும் சொன்னார்.

இங்கும் பதிப்புரிமைச் சட்டமே வேறு வகையில் குறுக்கிடுகிறது. அமெரிக்காவில் சாதாரண வானொலி, தட்டை ஒலிபரப்பும்போது இயற்றியவர் தரப்புக்குத்தான் பணம் தருகிறது, பாடியவருக்குத் தருவதில்லை. அரீதாவின் குரலில் அப்பாட்டு ஒலித்த ஒவ்வொரு முறையும் வானொலியின் பணம் ரெட்டிங்கின் பக்கம் போயிற்று. அதற்கு இரண்டாம் பிறவி கொடுத்த பாடகிக்கு ஒரு செண்டும் வரவில்லை. எல்விஸ் விஷயத்தில் முதற்குரலைக் கைவிட்ட ஏற்பாடு, இங்கே இரண்டாம் குரலையும் கைவிட்டது. பாடுவதைப் படைப்பென்று மதிக்காத இந்தக் கணக்கு திருத்தப்படும்வரை, எவ்வளவு அரிய மறுபதிவைக் கேட்டாலும் என் மகிழ்ச்சி முழு மகிழ்ச்சியாவதில்லை.