கலாசாலை தந்ததும் திண்ணை தந்ததும்

ஆங்கிலங் கற்ற நம்மவரிடம் ஒரு குறை உண்டு. படிப்பு ஏற ஏற, பெற்றோர் பேசும் பேச்சு கொச்சையென்றும், அவர்கள் பாடும் பாட்டு ஏட்டில் ஏறத் தகாததென்றும் எண்ணத் தலைப்படுகிறோம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு, அமெரிக்கக் கறுப்பினத்து எழுத்தாளரான ஸோரா நீல் ஹர்ஸ்டன் அம்மையாரின் கலாசாலை வாழ்வு தக்க சான்றாகும்.

அம்மையார் 1891-இல் அலபாமா மாகாணத்திற் பிறந்து, புளோரிடாவிலுள்ள ஈட்டன்வில் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். கறுப்பின மக்களே 1887-இல் நிறுவித் தாமே நிர்வகித்து வந்த ஊர் அது. அங்கே கடைத்திண்ணையிற் கூடிய ஆடவர் கட்டிய கதைகளே அவர் கேட்ட முதற் பாடம். இளமையிலேயே தாயை இழந்தார்; படிப்பும் தடைப்பட்டது. 1917-இல் பால்டிமோரில் இலவசப் பள்ளியிற் சேரும் பொருட்டுத் தம் வயதிற் பத்தாண்டைக் குறைத்துச் சொல்ல நேர்ந்தது. பின்னர் வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு சர்வகலாசாலையிற் பயின்ற காலத்தில், முடிதிருத்தும் கடையொன்றில் நகம் திருத்தும் வேலை செய்து பொருளீட்டினார்.

அவரது முதற் கதை 1921-இல் ஹோவர்டு மாணவர் இலக்கியச் சஞ்சிகையில் வெளிவந்தது. கடல் கடந்து செல்ல ஏங்கும் ஜான் ரெடிங் என்னும் இளைஞன், இறுதியில் பிணமாகவே ஆற்றோடு கடலை நோக்கி மிதந்து செல்கிறான். இக்கதையில் இரண்டு குரல்கள் உள்ளன. மாந்தர் பேசுமிடத்தில் ஊர்ப்பேச்சு உயிரோடு துள்ளுகிறது. ஆசிரியர் வருணிக்குமிடத்திலோ பாடப்புத்தக ஆங்கிலம் விறைத்து நிற்கிறது. இக்குறை, புதிதாய்க் கற்றவர் எவர்க்கும் நேர்வதே. 1925-இல் பரிசு பெற்ற ‘ஸ்பங்க்’ என்னும் கதையிலோ திண்ணையே முன்வந்துவிடுகிறது. பிறன் மனைவியைக் கவர்ந்தவனின் கதையைப் பெரிதும் ஊராரின் வாய்ச்சொல்லாலேயே நடத்துகிறார்.

அவ்வாண்டே நியூயார்க்கிலுள்ள பர்னார்டு கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே கறுப்பின மாணவி அவர் ஒருவரே. மானிடவியற் பேராசிரியர் பிரான்ஸ் போவாஸிடம் பயின்றார். இனத்தால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் கொள்கையை எதிர்த்த அறிஞர் அவர். 1927-இல் நாட்டுக்கதைகளைத் திரட்ட அம்மையார் சொந்த மாகாணத்துக்கே சென்றார். கலாசாலை உச்சரிப்பு மாறாமல், கதை தெரியுமா, பாட்டுத் தெரியுமா என்று வினவ, ஊரார் அடுத்த வட்டாரத்திற் போய்க் கேட்கச் சொல்லி அனுப்பிவிட்டனர். கொணர்ந்தது சொற்பமே, ஆசிரியர் முன் நின்று கண்ணீர் வடித்ததாகத் தம் சுயசரிதையில் அவரே கூறுகிறார். மறுமுறை மரம் அறுக்கும் தொழிலாளர் குடியிருப்பில் அவர்களுள் ஒருத்தியாய்த் தங்கினார். அப்பொழுதே வாய்கள் திறந்தன. அச்செல்வம் ‘கோவேறு கழுதைகளும் மனிதரும்’ என்ற நூலாகப் போவாஸின் முன்னுரையோடு 1935-இல் வெளிவந்தது.

ஆகவே, கலாசாலை அவருக்குக் கதையைக் கொடுக்கவில்லை. கதை முன்னரே அவரிடம் இருந்தது. அதனைச் சற்று விலகி நின்று நோக்கும் கண்ணையே கலாசாலை கொடுத்தது. அக்கண்ணோடு செருக்கும் கூடினால் மக்கள் வாய் மூடிக்கொள்வர் என்பதைத் தோல்வி கற்பித்தது.

அம்மையாரின் 1937-ஆம் ஆண்டு நாவலில் கருத்தில்லை என்று எழுத்தாளர் ரிச்சர்டு ரைட் கண்டித்தார். சீர்திருத்தம் வேண்டும் நமக்கும் அவ்வையம் எழலாம். ஆனால், கல்லூரியிற் பயிலும்போதே 1926-இல் அவர் எழுதிய ‘வியர்வை’ என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையர் துணி வெளுத்து வீடு கட்டிய டீலியாவை, அவள் உழைப்பில் உண்ட கணவனே பாம்பை ஏவி அச்சுறுத்துகிறான். அவள் தன் சொந்தப் பேச்சிலேயே அவனை எதிர்த்து நிற்கிறாள். கூலிப்பெண்ணின் நாவுக்கு இலக்கியத்தில் ஆசனம் அளிப்பதும் சீர்திருத்தமன்றோ?

இதை எழுதும் நான் ஒரு தோட்டத்துக் கிராணி. பிரட்டுக்களத்தில் நின்று எத்தனையோ பெயர்களைக் குறித்திருக்கிறேன். லயத்துக் கிழவியின் தாலாட்டு ஒன்றையேனும் குறித்தேனில்லை. கேட்டால், அவளும் அடுத்த தோட்டத்துக்கு வழி காட்டியிருப்பாள். நான் கேட்டிருக்கக்கூடிய தோரணை அத்தகையது. படித்த இளைஞர்களே, ஏட்டையும் எழுதுகோலையும் எடுங்கள். ஆனால் நாற்காலியை ஆபீசிலேயே விட்டுவிட்டு, அவர்கள் வாசற்படியில் அமருங்கள்.