ராட்சத ஹால் விளைவு: பெயரும் பயனும்

சின்னசேலத்தில் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் திக்கித் திக்கி ஓடினால், மெக்கானிக்கின் சந்தேகம் சீக்கிரமே ஹால் சென்சார் பக்கம் போகும். சக்கர மோட்டாருக்குள் பெரும்பாலும் மூன்று ஹால் சென்சார்கள் இருக்கும். காந்தம் எங்கே நிற்கிறது என்பதைக் கண்ட்ரோலருக்குச் சொல்வது அவைதான். அவை பெரும்பாலும் சிலிக்கன் சில்லுகள். ஆய்விதழ்களில் ‘ராட்சத ஹால் விளைவு’ என்று பெயர் வாங்கிய காந்தத் துகள் படலம் அந்த இடத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அந்தப் படலத்தை எடைபோட நல்ல கேள்வி.

1879-இல் எட்வின் ஹால் தங்க ஏட்டில் மின்னோட்டம் செலுத்தி, காந்தப்புலத்தில் வைத்து, குறுக்கே எழும் சிறு மின்னழுத்தத்தை அளந்தார். பிறகு இரும்பில் அது பத்து மடங்கு பெரிதாக இருப்பதைக் கண்டார். இரும்பின் காந்தத்தன்மையால் வந்ததே அந்தக் கூடுதல்.

இரும்பு, நிக்கல் போன்ற உலோகத்தைச் சிலிக்காவோடு சேர்த்துப் படலமாகப் படியவைத்தால், உலோகம் நானோமீட்டர் அளவுத் துகள்களாக நிற்கும். உலோகத்தின் பங்கைக் குறைத்துக்கொண்டே போனால், ஏரித் தண்ணீர் ஏற ஏற வயல்வரப்புகள் ஒவ்வொன்றாக மூழ்குவதுபோல் மின்பாதைகள் அறுந்துகொண்டே வரும். கடைசிப் பாதையும் அறுவதற்குச் சற்று முன்புதான் வியப்பு. 1995-இல் ஹாங்காங்கில் பகோமோவ், யான், ஜாவோ மூவரும் நிக்கல்-இரும்பு-சிலிக்கா படலத்தில் இதை அளந்தார்கள். குறுக்கு மின்னழுத்தத்தின் அளவுகோலான ஹால் மின்தடைமை கலப்பில்லாத உலோகத்தைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்காகி, 200 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர் அளவைத் தொட்டது.

இதன் அறிவியல் மதிப்பை நான் மிக உயர்வாகவே வைக்கிறேன். நம் கல்லூரி ஆய்வகங்களில் ஜெர்மேனியம் படிகத்தை வைத்து ஹால் மின்னழுத்தம் அளக்கிறோம். அதிலிருந்து மின்னூட்டத் துகள்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறோம். ஹால் கெழு பெரிதானால் துகள்கள் குறைவு என்னும் அந்தச் சூத்திரம் எங்கும் செல்லும் என்றே மாணவர் நம்பிவிடுகிறார். ஆனால் 2001-இல் காந்தத்தன்மையே இல்லாத செம்பு-சிலிக்கா படலத்திலும் ஹால் கெழு சுமார் 700 மடங்கு உயர்ந்தது. சூத்திரத்தை அப்படியே நம்பினால், செம்பின் எலக்ட்ரான்களில் 700-க்கு ஒன்று மட்டுமே மிஞ்சியது என்று சொல்ல வேண்டிவரும். பாதைகள் பின்னிக்கிடக்கும் விதமும், எலக்ட்ரான் அலைகளின் குறுக்கீடும் ஹால் மின்னழுத்தத்தை மாற்றக்கூடும் என்பதை இந்த ஆய்வுகள் முகத்தில் அறைந்தாற்போல் காட்டின. முதுகலைப் பாடத்தில் இதற்கு ஒரு வகுப்பாவது ஒதுக்க வேண்டும்.

கருவி என்று வரும்போது கணக்கு வேறு. ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் 1 மில்லிஆம்பியர் செலுத்தினால், அந்த 200 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர் தருவது 2 மில்லிவோல்ட். அதுவும் துகள்களின் காந்தம் முழுக்கத் திரும்பிய பிறகு. அதற்கு ஒரு டெஸ்லா அளவுக்குப் புலம் தேவைப்படும். அதே மின்னோட்டத்துக்கு, அதே புலத்தில், சாதாரண சிலிக்கன் உணரி நூறு மில்லிவோல்ட் அளவில் தந்துவிடும். படலத்தை இன்னும் மெலிதாக்கினால் மின்னழுத்தம் ஏறும் என்பது உண்மை. ஆனால் மெலிதாகும்போது பாதைகள் அறும் எல்லையே இடம் மாறிவிடும்.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. ஹால் மின்தடைமை ஏறும் அதே எல்லையில் நேர்த்திசை மின்தடைமையும் ஏறுகிறது, அதுவும் இன்னும் வேகமாக. குறுக்கே வைத்த இரு முனைகள் இம்மியளவு விலகியிருந்தாலும் நேர்த்திசை மின்னழுத்தம் கலந்துவிடும். புலத்தைத் திருப்பி அளந்து, வித்தியாசத்தில் பாதியை எடுத்தால் ஆய்வகத்தில் இதை நீக்கலாம். ஓடும் ஸ்கூட்டருக்குள் யார் புலத்தைத் திருப்புவது? உலோகப் பங்கு ஓரிரு சதவீதம் பிசகினாலும் படலத்தின் குணம் மாறிவிடும் என்பதால், ஒரே மாதிரி லட்சம் சில்லுகள் செய்வதும் கடினம்.

ஆகவே ஹால் மின்தடைமை எத்தனை மடங்கு பெருகியது என்பதை மட்டும் தலைப்பில் போடும் ஆய்வு வழக்கம் எனக்கு ஏற்புடையதல்ல. உணரிக்கு ஆகும் என்று சொல்லும் கட்டுரை, அதே படலத்தின் நேர்த்திசை மின்தடைமையையும், அறை வெப்பநிலையில் எழும் இரைச்சலையும், அது உணரக்கூடிய மிகச் சிறிய காந்தப்புலத்தையும் அதே அட்டவணையில் தரவேண்டும்.