பிரார்த்தனையும் பிரட்டுக் களமும்

மாத்தளை நகரிலிருந்து வடக்கே சில கிலோமீற்றர் தூரத்தில், ஏ-9 வீதியோரம் இருக்கிறது அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாக வந்த புத்தரின் போதனைகளைப் பிக்குகள் ஓலையில் எழுதியது இங்கேதான் என்பது பௌத்த மரபு. பகையால் பகை தணியாது என்பதும் அந்தப் போதனைகளுள் ஒன்று. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குத் தீ வைக்கப்பட்டது. போதனை ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று சலித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கருணையும் அஹிம்சையும் பகையை எந்த இடத்தில் வெல்லும், எந்த இடத்தில் தோற்கும் என்று கேட்டால், இந்த மாவட்டத்தின் அனுபவத்தில் அதற்குத் தெளிவான விடை இருக்கிறது.

83 ஜூலையில் தீவெங்கும் எத்தனையோ சிங்களக் குடும்பங்கள் தமிழ் அயலவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றின. மலையக ஊர்களில் அந்த நினைவு இன்னும் இருக்கிறது. கும்பல் வாசலுக்கு வருகிறது. சாரத்தை மடித்துக் கட்டிய வீட்டுக்காரர் படியில் நின்று, இங்கே யாரும் இல்லை என்கிறார். உள்ளறையில் குழந்தையின் வாயைப் பொத்தியபடி ஒரு தாய். கும்பலில் முன்னால் நிற்பவனுக்கு அந்த வீட்டுக்காரரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போகக் கை வராது. முகம் தெரிந்த இடத்தில் கருணைக்கு இந்தப் பலம் உண்டு. கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர்களுக்கு முகம் தேவைப்படவில்லை, பெயர் போதுமாயிருந்தது. அவர்கள் முன் படியில் நின்ற மனிதரால் என்ன செய்ய முடியும்? காப்பாற்றியவர்களை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் அவர்களைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், கைகட்டி நின்ற பொலிஸையும் அதிகாரத்தையும் பற்றிப் பேசாமல் தப்பித்துக்கொள்ளலாம். இந்த ஆபத்தை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை.

அஹிம்சையை ஒரு போராட்ட முறையாக எடுத்துக்கொண்டால், மலையகம் அதை இரண்டு முறை பெரிதாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பின. அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அதை எதிர்த்து 1952இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்தும் பிரதமர் அலுவலகம் அசையவில்லை. வாக்கில்லாதவர்களின் துன்பத்தைப் பார்த்து எந்த ஆட்சியாளருக்கும் தூக்கம் கெடவில்லை.

1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனை இயக்கம் வேறு மாதிரி. அப்போது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) தலைவர் தொண்டமான் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசில் அமைச்சராகவும் இருந்தார். வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்துக்குப் போகவேண்டிய காலை நேரத்தில் தொழிலாளர்கள் தோட்டத்துக் கோயிலிலும் தேவாலயத்திலும் கூடினார்கள். அதன் பிறகுதான் வேலை. வேலைநிறுத்தம் என்று சொல்லித் தண்டிக்க வழியில்லை. கையில் கல்லில்லை, வாயில் வசையில்லை. ஆனால் தேயிலைச் செடி காத்திருக்காது. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுக்காவிட்டால் இலை முற்றிவிடும். முற்றிய இலையில் நல்ல தூள் வராது. வடக்கில் போர் நடத்திக்கொண்டு, அந்நியச் செலாவணிக்குத் தேயிலையையே பெரிதும் நம்பியிருந்த அரசு விரைவில் இறங்கிவந்தது. டில்லியின் நெருக்குதலும் கூடவே இருந்தது. நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் அதே ஆண்டு நிறைவேறியது.

இதைக் கருணையின் வெற்றி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. யாருடைய மனமும் உருகியதாகத் தெரியவில்லை, மாறியது கணக்கு. 1900 முதல் 2006 வரை நடந்த 323 எழுச்சிகளை எரிக்கா செனோவெத்தும் மரியா ஸ்டீஃபனும் ஆராய்ந்தபோது, ஆயுதமற்றவற்றில் 53 வீதமும் ஆயுதமேந்தியவற்றில் 26 வீதமும் வென்றிருந்தன. கிழவியும் கர்ப்பிணியும்கூடச் சேர முடிவதும், அதனால் கூட்டம் பெருகி ஒத்துழைப்பு நின்றுபோவதுமே அவர்கள் சொல்லும் முக்கிய காரணம். 86இல் நடந்ததும் அதுதான். ஆனாலும் கையோங்காமல் இருந்தது வெறும் அலங்காரமல்ல. நுவரெலியாவைப் போலன்றி மாத்தளைத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை. அங்கே ஒரு தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு கல் பறந்திருந்தால், 1977, 1983 கலவரங்கள் மறுபடி வர அதுவே சாக்காகியிருக்கும்.

ஆட்சியை அசைக்கும் பிடிமானம் இல்லாத அஹிம்சையின் கதி என்ன என்பதற்குக் காந்தியம் அமைப்பே சாட்சி. 77 கலவரத்தால் மலையகத்தை விட்டு ஓடிய குடும்பங்களுக்கு வன்னியில் காணி திருத்திக் கொடுத்தவர்கள் கட்டடக் கலைஞர் டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும். ஆயுதக் குழுக்களோடு தொடர்பு என்று சொல்லி 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார்.

தம்புள்ளையும் இதே மாத்தளை மாவட்டம்தான். 2012 ஏப்ரல் 20 அன்று, பௌத்தப் புனித பூமிக்குள் பள்ளிவாசல் கூடாது என்று பிக்குகள் முன்னின்ற கூட்டம் ஒன்று அங்கிருந்த பள்ளிவாசலுக்குள் புகுந்தது. ஜும்ஆத் தொழுகை நடக்கவில்லை. அங்கிருந்த முஸ்லிம்கள் திருப்பித் தாக்கவில்லை. அதே சமயம் கிழக்கில் கடையடைப்பு நடந்தது, அரசுக்குள் இருந்த முஸ்லிம் அமைச்சர்களும் எதிர்த்தார்கள். பள்ளிவாசலை இடம் மாற்றும்படி பிரதமரே உத்தரவிட்டும், அது உடனே நடக்கவில்லை. பக்கத்தில் இருந்த பத்திரகாளி அம்மன் கோயிலைக் கும்பிட்டவர்களும் பொறுமையாகத்தான் இருந்தார்கள். 2013 ஒக்டோபரில் அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. பொறுமை இரண்டு பக்கமும் ஒன்றுதான். பின்னால் நின்று குரல் கொடுக்க ஆள் இருந்தது ஒரு பக்கத்துக்கு மட்டும். அடிபட்டவனைப் பார்த்துப் பொறுத்துப்போ என்கிறவர்கள், அவன் பின்னால் போய் நிற்கத் தயாரா என்பதை முதலில் சொல்லவேண்டும்.

86இல் இருந்த பிடி இன்று தளர்ந்துவிட்டது. இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கை இப்போது தருபவை சிறுதோட்டங்கள். லயத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை பார்க்கிறார்கள். 2015இல் கேட்கத் தொடங்கிய 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக ஊர்வலம் போனார்கள், வீதியில் உட்கார்ந்தார்கள், உண்ணாமலும் இருந்தார்கள். எல்லாம் அமைதியாக நடந்தது. வர்த்தமானியில் அது வெளியானது 2021 மார்ச்சில். அதற்குள் அரிசி விலையும் மா விலையும் ஏறி, அந்த 1,000 ரூபாயின் பெறுமதியைக் கரைத்துவிட்டன.