எந்த ஊர் மத்தியதரம்?

நமது சிறுகதைத் தொகுதிகளுக்கு எழுதப்படும் அணிந்துரைகளில், மத்தியதர வர்க்க முஸ்லிம்களின் வாழ்வை ஆசிரியர் யதார்த்தமாகச் சித்திரித்துள்ளார் என்னும் பொருள்பட ஒரு வரி அநேகமாக வந்துவிடுகிறது. கதையின் தலைவர் ஓர் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ சிறுகடைக்காரராகவோ இருந்தால் போதும், அந்த வரி தயார். அவர் எந்த ஊரில் இருக்கிறார், அங்கே வீட்டு வாடகை என்ன, அரிசி காசுக்கு வருகிறதா வயலில் இருந்து வருகிறதா என்று அணிந்துரைகாரர் பார்ப்பதில்லை. கதாசிரியரே எழுதியிருக்காதபோது அவரை மட்டும் குறை கூறுவதும் நியாயமில்லை.

இந்தச் சொல் நமது விமர்சனத்துக்குள் இலேசாக வந்ததன்று. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட 'தமிழ் நாவல் இலக்கியம்' நாவலின் தோற்றத்தை மத்தியதர வர்க்கத்தின் எழுச்சியோடு பொருத்திப் பார்த்தது. அவருக்கு அது ஒரு சமூக சக்தியைக் குறித்த சொல். பின்வந்தவர்கள் கையில் அது பணக்காரருமில்லை ஏழையுமில்லை என்று கைகழுவும் சொல்லாகிவிட்டது. பயிற்சிக் கலாசாலையில் நாங்கள் படித்த காலத்தில்கூட விடைத்தாளில் இதை எழுதினால் புள்ளி கிடைக்கும். விளக்கம் கேட்டவர் எவருமில்லை.

நமது எழுத்தாளர்கள் ஊரைக் கவனிக்காதவர்கள் அல்லர். தென்னிலங்கை முஸ்லிம்களின் பேச்சைத் திக்குவல்லை கமாலும், கிழக்கின் பேச்சை எஸ்.எல்.எம். ஹனீபாவும் கதைக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு சொல்லைக் கேட்டே இன்ன ஊர் என்று நாம் சொல்லக்கூடிய அளவுக்கு அந்தக் கவனம் இருந்தது. பேச்சில் காட்டிய இந்தக் கவனத்தை விலைவாசியில் காட்டாமல் விட்டதுதான் வியப்பு. மொழி ஊருக்கு ஊர் மாறுகிறது, ஆனால் கதைமாந்தரின் பை எல்லா ஊரிலும் ஒரேமாதிரிக் காலியாகிறது.

சில இலக்கங்களைப் பார்ப்போம். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி, ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. நகர்ப்புறத்தில் 116,670, கிராமப்புறத்தில் 69,517, தோட்டப்புறத்தில் 46,865. ஆனால் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தி நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தைப் பார்த்தால் அதன் வருமானம் 53,333 ரூபாதான். அதாவது 'சராசரிக் குடும்பம்' என்று நாம் எழுதும் குடும்பம் உண்மையில் நாட்டின் பெரும்பாலானோருக்கு மேலே இருப்பது.

இதே திணைக்களம் வறுமைக்கோட்டை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. வழமையாகக் கொழும்பு உச்சத்தில் நிற்கும், மொனறாகலை கடைசியில் நிற்கும். ஆகவே வறியவர் யார் என்று கணக்கிடும்போது ஊர் பார்க்கும் அரசு, தன் ஊழியருக்குக் கொடுக்கும்போது ஊர் பார்ப்பதில்லை. 2024இல் 17,800 ரூபாவாக உயர்த்தப்பட்ட வாழ்க்கைச் செலவுப் படி எல்லா மாவட்டத்துக்கும் ஒரே தொகை. பெயரிலேயே வாழ்க்கைச் செலவு இருந்தும் எந்த இடத்து வாழ்க்கை என்பது அதில் இல்லை.

ஒரே தரத்தில், ஒரே சம்பளத்தில் இரண்டு ஆசிரியர்களை வைத்துக்கொள்வோம். ஒருவர் தெஹிவளையில் ஓர் அனெக்ஸில் இருக்கிறார். வாடகை, வீட்டுக்காரர் கேட்கும் முற்பணம், பிள்ளைகளின் பாடசாலை வேன், ரியூஷன் எல்லாம் காசு. தேங்காய்கூடக் காசு. மற்றவர் எங்கள் கிழக்கில் ஒரு கிராமத்தில், மனைவியின் சீதன வீட்டில் குடியிருக்கிறார். வளவில் தென்னை, வாப்பாவின் வயலில் பங்கு நெல், பாடசாலைக்குப் போக ஒரு சைக்கிள். முதலாமவர் மாதம் இருபதாம் திகதி கடன் கேட்பார். இரண்டாமவர் ஊரில் மரியாதைக்குரிய 'ஸேர்'. கொழும்புக் கதைக்கும் கிராமத்துக் கதைக்கும் ஒரே முத்திரையைக் குத்தும் விமர்சகர் இதில் எதைக் காண்கிறார்?

கிராமத்தில் செலவு குறைவு என்று சொல்லி முடித்துவிட்டால் அதுவும் பிழையான கதையாகிவிடும். கொழும்பிலிருந்து லொறியில் வருவதெல்லாம் தூரத்துக்கேற்ப விலை ஏறியே வருகிறது. சமையல் எரிவாயுச் சிலிண்டருக்கே மாவட்டத்துக்கு மாவட்டம் விலை வேறு. இவற்றையெல்லாம் மிஞ்சுவது சீதனம். கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணமில்லை. மூன்று பெண்பிள்ளைகள் உள்ள ஓர் ஆசிரியர் தன் வாழ்நாளில் மூன்று வீடு கட்டவேண்டியவர். இன்று தான் குடியிருக்கும் வீட்டையும் மூத்தவளுக்கு எழுதிவிட்டு, வளவின் ஓரத்தில் குசினி போன்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கும் வாப்பா, உம்மாமார் நமது ஊர்களில் உண்டு. வாடகை கொடுக்காத மனிதர், ஆனால் இருபது வருடமாகச் சீமெந்துக்கும் மேசன் கூலிக்கும் கொடுத்துக்கொண்டே இருப்பவர். சீதனத்தைச் சாடி நமது கதாசிரியர்கள் எழுதியவை ஏராளம். அவற்றில் மாப்பிள்ளை வீட்டாரின் பேராசை இருக்கிறது, முதிர்கன்னியின் பெருமூச்சு இருக்கிறது. அந்த வீடு எந்தச் சம்பளத்தில், எத்தனை கடனில், எத்தனை வருடத்தில் கட்டப்பட்டது என்பது அநேகமாக இல்லை. கண்ணீர் இருக்குமளவுக்குக் கணக்கு இல்லை. எனக்கு அந்தக் கணக்குத்தான் கதையாகத் தெரிகிறது.

2022 வந்தபோது இந்தப் பலவீனம் நன்றாக வெளிப்பட்டது. அந்த நெருக்கடி பற்றி எழுதப்பட்ட கதைகளில் எரிபொருள் வரிசை வராத கதை குறைவு. வரிசை கண்ணுக்குத் தெரிவது, எழுத இலேசானது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம் என்று எல்லாரும் ஒப்புவித்தோம். அது கொழும்பு மாவட்டத்து நகர்ப்புறக் குடும்பங்களின் செலவை அளக்கும் சுட்டெண். முழு நாட்டுக்குமான தேசிய சுட்டெண் அதே மாதம் 73.7 சதவீதம் என்றது. எங்கள் பக்கத்தில் அடி விழுந்தது வரிசைக்கு முன்னமே. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. விளைச்சல் குறைந்தது, பங்கு நெல் சுருங்கியது. அதுவரை அரிசி விலை என்னவென்று கேட்காத ஆசிரியர் குடும்பம் கடையில் கொப்பிக்கு அரிசி எடுத்தது. கிராமத்து மத்தியதரத்தின் அத்திவாரம் சம்பளமல்ல, அந்தப் பங்கு நெல்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. இதை எழுதிய கதை ஏதும் என் கண்ணில் படவில்லை. வந்திருந்தால் வாசகர்கள் இவ்விதழுக்கு எழுதி அறிவிக்கட்டும், மகிழ்வேன்.

கதை என்ன வரவுசெலவுத் திட்டமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். புள்ளிவிபரத்தைக் கதைக்குள் கொட்டச் சொல்லவில்லை. ஒரு தாய் கறிக்கு எத்தனை தேங்காய் துருவுகிறாள், முன்னர் எத்தனை துருவினாள் என்பது போதும். நமது பெண் எழுத்தாளர்களின் கதைகளில் இந்த விபரம் ஆண்களின் கதைகளைவிடக் கூடுதலாகத் தென்படுவதாக எனக்குப் படுகிறது. குடும்பத்தின் தரம் எங்கே இறங்குகிறது என்பது குசினியில்தான் முதலில் தெரியவரும்.

எங்கள் ஊரில் மத்தியதரம் என்ற சொல் பேச்சில் இல்லை. 'இருக்கப்பட்டவங்க' என்பார்கள், 'இல்லாதவங்க' என்பார்கள். இடையில் இருப்பவர்களுக்குப் பெயரில்லை. றமழானில் பள்ளிவாசலில் இரண்டு பட்டியல் தயாராகும், ஸக்காத் கொடுப்பவர் ஒன்று, பெறுபவர் ஒன்று. பெயரில்லாத இவர்கள் இரண்டிலும் வராதவர்கள். நெருக்கடிக் காலத்தில் பட்டியல் எழுதுகிறவர்கள் சில வீட்டு வாசலில் நின்று, பெயரைக் கேட்பதா வேண்டாமா என்று தயங்கினார்கள். உள்ளே இருந்தவர்களும் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று தயங்கினார்கள். சில பெயர்களை இரவில் எழுதி, பட்டியலை வாசிக்கும்போது வாசிக்காமல் விட்டார்கள்.