புத்தளக் கரையோரத்துப் பக்தி நூல்களும் அவற்றின் வாசகரும்: ஒரு திறனாய்வுக் குறிப்பு

விசுவாசத்தை உறுதிப்படுத்தவும் அன்றாட வாழ்வைச் செம்மைப்படுத்தவும் எந்தெந்தக் கிறிஸ்தவ நூல்களை வாசிக்கலாம் என்னும் வினாவுக்குத் திருச்சபை ஏடுகளும் சமயப் புத்தகசாலைகளும் அவ்வப்போது விடை கூறி வருகின்றன. இவ்விடைகளை இலக்கியத் திறனாய்வு பொருட்படுத்துவதில்லை. செய்யுளையும் சைவத்தையும் மையமாகக் கொண்ட இலக்கிய வரலாற்றாசிரியருக்கு இந்நூல்கள் இலக்கியமல்ல. முற்போக்கு விமரிசகருக்கோ அவை ஆளும் வர்க்கக் கருத்துநிலையின் கருவிகள். ஒரு வரியிற் கூறி ஒதுக்கத்தக்கவை. முரண்பட்ட இரு நிலைப்பாடுகளும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன. எழுத்தறிவு குறைந்த ஒரு மீனவ சமுதாயம் தலைமுறை தலைமுறையாகச் செவிவழி நுகர்ந்த தமிழ் உரைநடை, நமது ஆய்வெல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றது.

எந்த நூல் சிறந்தது என்பதன்று இங்கு நமது கேள்வி. ஒரு நூலை யார் வாசித்தனர், யாருக்கு வாசித்தனர், எத்தகைய உழைப்பின் இடையே வாசித்தனர் என்பனவே முதன்மையானவை. புத்தளம் மாவட்டத்தின் கரையோரம், குறிப்பாகக் கற்பிட்டி தொடக்கம் சிலாபம், வென்னப்புவ வரையிலான பகுதி, இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை தருகின்றது.

தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலே கரையோர மக்களுக்கான சமய நூல்தான் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1578 இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ முத்துக்குளித்துறைப் பரதவரை முன்னிட்டு எழுந்தது. ஆயின் நமது கரையின் கதை வேறுபட்டது. போர்த்துக்கேயரை வென்ற ஒல்லாந்தர் 1658 இல் கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்பதையே தண்டனைக்குரிய குற்றமாக்கினர். 1687 இல் யோசேவ் வாஸ் அடிகள் மறைவாக நாட்டினுள் வரும் வரையில் இங்குள்ள கத்தோலிக்கர் குருவின்றியே வாழ்ந்தனர். வந்த பின்னரும் சில குருமாரே நாடு முழுவதும் அலைந்து பணியாற்ற வேண்டியிருந்தது. குரு இல்லாத இடத்தில் நூல் குருவின் கடமையை ஏற்றது. அண்ணாவியாரும் மூப்பரும் அதன் வாயாயினர். கோவாவிலிருந்து 1705 இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) தமிழிலும் சிங்களத்திலும் அத்தனை நூல்களை எழுதிக் குவித்தமைக்கான சமூகத் தேவை இதுவேயாம். தனிமனித மேதையாக மட்டும் அவரைப் போற்றுவோர் இத்தேவையை மறந்துவிடுகின்றனர். கண்டி மன்னன் வீர நரேந்திரசிங்கனின் (1707–1739) ஆதரவு அவருக்குக் கிடைத்தமையையும் மறத்தலாகாது. ஒல்லாந்தருக்கு எதிரான அரசியலில் அம்மன்னனுக்கும் தன் கணக்குகள் இருந்தன.

1737 இல் ஒல்லாந்தர் கொழும்பில் நிறுவிய அச்சகம் புரட்டஸ்தாந்த சமய நூல்களை வெளியிட்டது. கொன்சால்வெசின் நூல்களோ கையாற் பிரதி செய்யப்பட்டே பரவின. அச்சு அதிகாரத்தின் பக்கத்திலும் கையெழுத்து தடைசெய்யப்பட்டோரின் பக்கத்திலும் நின்ற காலம் அது. அச்சுப் பண்பாட்டின் வருகையை முன்னேற்றமென்று மட்டுமே எழுதிப் பழகிய நமது வரலாற்று நூல்கள் இதனைக் கவனித்தல் வேண்டும். அடிகள் இறந்தது இம்மாவட்டத்துப் போலவத்தையில். அவரது கல்லறையும் அங்கேயே உள்ளது.

‘சுகிர்த தர்ப்பணம்’, ‘கிறிஸ்தியானி ஆலயம்’, ‘சுவிசேஷ விரித்துரை’ ஆகியன அவருடைய தமிழ் நூல்களுட் சில. ஆனால் மக்கள் மனத்தில் ஊன்றி நின்றது ‘வியாகுலப் பிரசங்கம்’ ஒன்றே. கிறிஸ்துவின் பாடுகளைப் பொருளாகக் கொண்ட இந்நூல் தபசு காலத்தில் ஆலயத்தில் நீட்டி இசைத்து ஓதப்படுவது. சிங்களத்தில் இதற்கு இணையாக அவர் எழுதிய ‘தேசனா நவய’ ஒன்பது பிரசங்கங்களைக் கொண்டது. மன்னார்ப் பகுதியில் உருவங்களை அசைத்து நடத்தப்பட்ட உடக்குப் பாஸ் முதலாக, 1923 இல் பொரலெஸ்ஸையில் லோறன்ஸ் பெரேரா தொடக்கிய பாஸ்கு நாடகம் வரை, இக்கரையோரத்துப் பாடுகளின் அரங்கு முழுவதற்கும் இவ்வோதல் மரபே பின்புலமெனலாம்.

இதன் உரைநடை கண்ணால் வாசிப்பதற்கானதன்று. மூச்சின் அளவுக்கு அமைந்த உரைநடை. விளிகள் மீண்டும் மீண்டும் வரும். வினாக்கள் விடையின்றி அடுக்கப்படும். வடசொற் கலப்பு மிகுந்த தொடரையடுத்துப் பேச்சு வழக்கின் குழைவு தலைகாட்டும். தாய் மகனைப் பார்த்துப் புலம்பும் இடங்களில் உரைநடை ஒப்பாரியின் அண்மைக்கு வந்துவிடுகின்றது. தமிழ்ப் பெண்கள் இறப்பு வீட்டில் ஆக்கிக்கொண்ட வாய்மொழி வடிவம், கோவாவிலிருந்து வந்த குருவின் எழுத்தினூடாக ஆலயத்தினுள் நுழைகின்றது. உரைநடை வரலாறு எழுதுவோர் வீரமாமுனிவரை விதந்தோதிக் கொன்சால்வெசை அடிக்குறிப்பில் விடுவது நியாயமாகத் தோன்றவில்லை. முனிவரது உரைநடையிற் புலமை மிகுதி. இவரது உரைநடையிற் கேட்போரின் தேவை மிகுதி.

அத்தேவையாது? கடலுக்குப் போனவன் திரும்பாதுவிடின் அவனது உடலும் பல வேளைகளிற் கிடைப்பதில்லை. அழுவதற்கு உடலில்லாத மரணம் மீனவப் பெண்ணுக்கு நேரும் மரணம். ஆண்டுதோறும் ஊர் முழுவதும் கூடி, மடியிற் கிடத்தப்பட்ட ஒரு மகனுக்காக அழும்போது, கிடத்தப்படாத பலருக்காகவும் அவ்வழுகை அழப்படுகின்றது என்றே யான் கருதுகின்றேன். மதத்தை அபினி என மார்க்ஸ் கூறியதை எடுத்துக்காட்டுவோர், 1844 இல் வெளியான அதே கட்டுரையில், அதே பந்தியில், மதத்துயரம் மெய்த்துயரின் வெளிப்பாடும் அதற்கெதிரான முறையீடுமாகும் என அவர் கருதியதை விட்டுவிடுகின்றனர். வியாகுலப் பிரசங்கத்தை விளக்குவதற்கு முன்னதைவிடப் பின்னது கூடுதலாக உதவுகின்றது.

எனினும் முறையீடு யாருக்கெதிராகத் திரும்புகின்றது என்று கேட்டேயாக வேண்டும். பாடுகளுக்குக் காரணம் கேட்போரது பாவமே என இந்நூல் முடிக்கின்றது. உரோம ஆளுநனின் அரசியலும் ஆலயத்துப் பணமாற்று வணிகமும் பின்னே தள்ளப்பட, அழுகின்ற மீனவனே குற்றவாளியாகின்றான். கரைவலைச் சம்மாட்டி வலைக்கும் வள்ளத்துக்கும் உரிய பங்கை எடுத்தபின் எஞ்சியதைப் பகிர்ந்துகொண்டு, அதிலும் முற்பணக் கடனைக் கழித்துக்கொடுத்து வீடு திரும்புபவன், தன் வறுமைக்கும் தன் பாவமே காரணமென நம்புவதற்கு இது வழி செய்தது. சம்மாட்டியும் அதே ஆலயத்தில் முன்வரிசையில் அழுதார். அழுகையில் ஒன்றான ஊர் பங்குக் கணக்கில் ஒன்றாகவில்லை.

இதற்கு அடுத்து அதிகம் பரிந்துரைக்கப்பட்ட நூல் தோமஸ் கெம்பிஸ் (1380–1471) எழுதியதாகக் கொள்ளப்படும் ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’. உள்ளத்தை ஆராயும் நுட்பத்தில் அதற்கு நிகரான பக்தி நூல்கள் சிலவே. ஆனால் அது துறவு மடத்து அறையிற் பிறந்த நூல். உணவும் உறையுளும் மடத்தினால் உறுதி செய்யப்பட்டவனுக்கே தனிமையும் மௌனமும் அறங்களாக முடியும். பருவக்காற்று மாறுந்தோறும் குடும்பத்துடன் கரைவிட்டுக் கரை பெயர்ந்து, ஓலை வாடியில் அண்டை அயலாரின் குரல்களிடையே உறங்குபவனுக்குத் தனிமை கிடைப்பரிய பொருள். இந்நூல் சென்றடைந்தது படித்த நடுத்தர வர்க்கத்தையே. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) பற்றியும் இதையே கூறலாம். அதன் செய்யுள் கம்பனைக் கற்றவரை நோக்கியது. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859 இல் ஆங்கிலத்தில் எழுதியமையும் இங்கு நினைவுக்கு வருகின்றது. ஒரே கரையில், ஒரே நூற்றாண்டில், மேட்டுக்குடியின் நூலும் ஊராரின் நூலும் ஒன்றையொன்று காணாமலே வாழ்ந்தன.

மொழி பற்றிய செய்தி இன்னும் சிக்கலானது. 1939 இல் சிலாபம் தனி மறைமாவட்டமாயிற்று. 1940 முதல் 1972 வரை அதன் ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் கொன்சால்வெசின் நூல்களை ஆழ்ந்து ஆராய்ந்த அறிஞர். அவர் காலத்திலேயே, தமிழ் பேசிய கரையோரக் கத்தோலிக்கரின் பாடசாலைகளிற் சிங்களம் போதனாமொழியாக வேரூன்றியது. இதனை ஓர் ஆயரின் விருப்புவெறுப்பாகச் சுருக்குதல் பொருந்தாது. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமும், அரச உத்தியோகமும், தென்னந்தோட்டப் பொருளாதாரமும் சந்தையும் ஒரே திசையிலேயே தள்ளின. இருமொழியிலும் எழுதிய ஒருவரின் வாசகர் இரு தேசிய இனங்களாக வகுக்கப்பட்டனர் என்பதே இங்கு நிகழ்ந்தது. அன்றாடப் பேச்சு மாறிய குடும்பங்கள் சிலவற்றிற் செபம் மட்டும் தமிழில் எஞ்சியமை, பக்தி நூலின் ஆயுள் பாடநூலின் ஆயுளைவிட நீண்டது என்பதைக் காட்டுகின்றது.

இன்றைய பரிந்துரைகளுக்கு வருவோம். அமெரிக்கப் போதகர் றிக் வொறன் 2002 இல் நாற்பது நாள் வாசிப்பாக வகுத்து வெளியிட்ட நூலும், அதன் வழிவந்த வெற்றி வாழ்வுக் கைநூல்களும் இன்று முன்நிற்கின்றன. இவை தெளிவாக எழுதப்பட்டவை. ஒருவரது நாளை ஒழுங்குபடுத்த உதவுபவை. மதுவினாற் சிதைந்த குடும்பத்துக்கு அவ்வொழுங்கு சிறிய உதவியன்று. ஆனால் இவற்றின் வாசகர் ஒற்றை மனிதர். ஊர் இல்லை, பங்கு இல்லை, கடன் கொடுத்தவர் இல்லை. வியாகுலப் பிரசங்கம் துயரைப் பொதுவாக்கிக் காரணத்தை மறைத்தது. இவை துயரையும் தனிச்சொத்தாக்கிவிடுகின்றன.

2012 பெப்ரவரியில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துச் சிலாபத்தில் மீனவர் திரண்டபோது ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றாட வாழ்வுக்கான நூல் என்று ஒன்றைப் பரிந்துரைப்பவர், மண்ணெண்ணெய் விலையும் அன்றாட வாழ்வே என்பதை ஏற்பாராயின், அவரது பட்டியலில் திஸ்ஸ பாலசூரிய அடிகள் (1924–2013) இடம்பெற வேண்டும். மரியாளையும் மானிட விடுதலையையும் பற்றி 1990 இல் அவர் எழுதிய ஆங்கில நூல், பணிந்து அழும் தாயாக மட்டும் மரியாளை வழிபட்ட மரபைக் கேள்விக்குள்ளாக்கியது. வலியோர் வீழ்வதைப் பாடிய பெண்ணாக அவளை மீட்க முனைந்தது. அதற்காக 1997 சனவரியில் உரோமாபுரி அவரைச் சபைக்குப் புறம்பாக்கி, ஓராண்டின் பின் மீளச் சேர்த்துக்கொண்டது. இந்நூலின் குறை, அது இறையியலாளரோடு மட்டுமே பேசுவது. கொன்சால்வெசுக்கு வாய்த்த மூச்சு அதற்கு வாய்க்கவில்லை. அதனை எந்த அண்ணாவியாராலும் ஓதிக் காட்ட முடியாது.

ஆகவே வியாகுலப் பிரசங்கத்தை விட்டு நகர்தல் அத்துணை எளிதன்று. அதற்குச் செம்பதிப்பொன்று வேண்டும். அச்சுப் பிரதிகளை ஒப்புநோக்கினால் மட்டும் போதாது. ஊர்களிற் பேணப்படும் கைப்பிரதிகளும், எவ்விடத்திற் குரல் நீளும், எவ்விடத்தில் நிறுத்தப்படும் என்னும் ஓதுமுறையும் பதிப்பில் இடம்பெற வேண்டும். சிங்கள இணை நூலோடு அதனை வரிக்கு வரி ஒப்பிடுவதற்கு இருமொழியும் அறிந்த மாணவர் இருவராவது தேவை. அப்பணிக்குப் புறப்படுவோர் தபசு காலத்திலேயே செல்லுதல் நலம். மற்றைய மாதங்களில் அந்நூல் ஓதப்படுவதில்லை.