இருக்கையும் உரிமையும்: வைற்றின் நகரவெளி ஆய்வு குறித்து ஒரு நோக்கு

பொதுவெளி யாவர்க்கும் உரியது. தனிச்சொத்து உடையவர்க்கே உரியது. ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரண்டையும் ஒரே நிலத்துண்டில் இணைக்க முற்பட்ட நகரங்களுள் நியூயோர்க் முதன்மையானது. அம்முயற்சியின் பெறுபேற்றை நேரிற் கண்டு ஆராய்ந்தவர் வில்லியம் எச். வைற். 1980 இல் வெளிவந்த ‘சிறிய நகரவெளிகளின் சமூக வாழ்வு’ என்னும் அவரது நூல் நகரத் திட்டமிடலாளரால் இன்றும் விதந்து பேசப்படுகின்றது. அதன் பலத்தையும் எல்லையையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1961 ஆம் ஆண்டின் வலய ஒழுங்குவிதி, காணி உரிமையாளருடன் ஒருவகைப் பண்டமாற்றைச் செய்துகொண்டது. மிகு அடர்த்தி கொண்ட வணிக வலயங்களிலே, மக்களுக்குத் திறந்த முற்றமாக விடப்படும் ஒவ்வொரு சதுர அடிக்கும் 10 சதுர அடித் தளப்பரப்பை மேலதிகமாகக் கட்டிக்கொள்ள இடமளிக்கப்பட்டது. குடியிருப்புக் கோபுரங்களுக்கும் இதனையொத்த சலுகை கிட்டியது. கோபுரங்கள் உயர்ந்தன; முற்றங்களோ பல வெறிச்சோடிக் கிடந்தன.

இவ்வெறுமைக்குக் காரணந் தேடியவர் வைற். ஊகங்களை நம்பாது, கமராவும் குறிப்பேடுங் கொண்டு, மக்கள் எங்கே அமர்கின்றனர், எவ்வளவு நேரம் தங்குகின்றனர் என எண்ணிக் கணித்தார். அமர இடமுள்ள இடத்திலேயே மக்கள் அமர்கின்றனர் என்பது அவரது அடிப்படை முடிவு. நகர்த்தக்கூடிய கதிரை, வெயில், மரநிழல், நீர், உணவு, தெருவோடுள்ள தொடர்பு ஆகியவற்றின் முக்கியத்துவத்தையும் அவர் நிறுவினார். எளிய உண்மைகளே எனினும், சட்டத்தை மாற்றும் வலு அவற்றுக்கு இருந்தது. 1975 இல் திருத்தப்பட்ட விதி, 30 சதுர அடி முற்றத்துக்கு ஓர் அடி நீள இருக்கை வேண்டுமென்றது. 1977 இல் குடியிருப்புக் கோபுர முற்றங்களுக்கெனத் தனிவிதிகள் வகுக்கப்பட்டன. ஓர் ஆய்வுநூலுக்குப் பின்னாலுள்ள உழைப்பு இத்துணை விரைவிற் பயன் தந்தமை அரிது.

எனினும், பின்னாளைய தரவுகள் நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. ஜெரோல்ட் கெய்டன் 2000 இல் வெளியிட்ட ஆய்வு, 320 கட்டடங்களைச் சார்ந்த 503 வெளிகளைக் கணக்கிட்டு, அவற்றுள் 41 சதவீதமானவை பெரிதும் பயனற்றவை எனக் கண்டது. 2017 இல் நகரக் கணக்காய்வாளர் 333 இடங்களைப் பரிசீலித்தபோது, 182 இடங்களில் விதிக்கப்பட்ட வசதிகள் இருக்கவில்லை. நல்ல முற்றம் எதுவென வைற் கற்பித்துப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் இந்நிலை நீடித்தமைக்கு அறியாமை மாத்திரம் காரணமாகுமா?

வைற்றின் நூலுடன் நாம் முரண்படுவது இவ்விடத்திலேயே. ‘மக்கள் ஏன் அமர்வதில்லை?’ என்று அவர் வினவினார். ‘அவர்கள் அமராதிருப்பதால் யாருக்கு ஆதாயம்?’ என்னும் வினா அவரிடம் அழுத்தம் பெறவில்லை. வேண்டாதார் வந்துவிடுவர் என்ற அச்சத்தால் உரிமையாளர் திண்ணைகளிற் கூர்முனைகளைப் பதித்ததை அவர் கண்டிக்கவே செய்தார். ஆயின், அதனை அறிவுரையால் திருத்தத்தக்க மனக்கோணலாகவே கருதினார். தொடர்மாடிக் கோபுரத்தில் நிலைமை வேறு. அங்கு விற்கப்படும் பண்டங்களுள் தனிமையும் ஒன்று. வாயிலில் அந்நியர் அமர்ந்திருப்பது அப்பண்டத்தின் விலையைக் குறைக்கும் என உரிமையாளர் கருதுவாராயின், வெறுமையான முற்றம் அவருக்குத் தோல்வியன்று. அவர் விரும்பிய விளைவேயாகும். மேலதிக மாடிகளோ என்றென்றைக்கும் அவருடையவை.

1968 இல் அமைந்த, பின்னர் சுக்கொட்டி எனப் பெயர்மாறிய பூங்கா இதற்கு மறுபக்கச் சான்றாகும். நகரசபையின் பூங்காக்கள் இரவில் மூடப்படுபவை. தனியாருக்குரிய இப்பூங்காவோ இரவும் பகலுந் திறந்திருக்கக் கடமைப்பட்டது. 2011 செப்டெம்பர் 17 இல் வோல் ஸ்ரீற் எதிர்ப்பாளர் இங்குத் தங்க முடிந்தமைக்கு அக்கடமையே துணைநின்றது. பின்னர் உரிமையாளர் கூடாரத்தையும் படுத்துறங்குவதையும் தடைசெய்தனர். நவம்பர் 15 இல் எதிர்ப்பாளர் அகற்றப்பட்டனர். நீதிமன்றமும் கூடாரத் தடைக்கு இசைந்தது. மக்களை அங்கே இருத்தியதும் பின் வெளியேற்றியதும் இருக்கைகளின் அமைப்பல்ல, எழுதப்பட்ட கடமைகளும் விதிகளுமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆகவே, பொதுவெளியை உற்றுநோக்கக் கற்பித்த நூல் என்ற வகையில் வைற்றின் ஆக்கம் போற்றுதற்குரியது. ஆயின் அவ்வெளி யார் கையிலுள்ளது என்ற வினாவை அதற்கப்பால் நாமே எழுப்பியாதல் வேண்டும். விதியை வகுப்பவரும் கண்காணிப்பவரும் உரிமையாளரேயாயின், அங்குள்ள கதிரை விருந்தினருக்கு இடப்பட்ட கதிரையே, குடிமகனின் உரிமையாகாது.