கடைசி ஒன்றரை மாதத் தீவனம்

சினை ஆட்டுக்குக் கடைசி ஒன்றரை மாதம் அடர்தீவனம் கொடுக்கச் சொல்வது கால்நடை மருத்துவர்கள் நெடுங்காலமாகத் தரும் ஆலோசனை. அதற்கு வலுவான காரணம் உண்டு. செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். வயிற்றுக் குட்டி தன் பிறப்பு எடையில் மூன்றில் இரண்டு பங்கைக் கடைசி ஆறு வாரத்தில்தான் போடுகிறது. அதே வாரங்களில் கருப்பை பெருத்து இரைப்பையை நெருக்குவதால் ஆட்டால் வயிறு நிறையத் தின்ன முடியாது. காய்ந்த சோளத்தட்டு எவ்வளவு போட்டாலும் தேவை ஈடாகாது; கொஞ்சத்தில் அதிகச் சத்துள்ள புண்ணாக்கும் மக்காச்சோளமும்தான் கைகொடுக்கும். மடி இறங்குவதும் சீம்பால் சுரப்பதும் இந்தத் தீவனத்தை நம்பித்தான். இரட்டைக்குட்டி சுமக்கும் ஆடு அரைவயிறாகக் கிடந்தால், உடல் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கீட்டோன் பெருகி, எழ முடியாமல் படுத்துவிடும். குட்டியோடு தாயும் போய்விடக்கூடும். இத்தனையையும் தடுக்கும் ஒரு பழக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்தத் தீவனம் குட்டிக்குப் போய்ச் சேரும் வழி அதற்கு முன்பே அமைந்துவிடுகிறது. நஞ்சுக்கொடி வேகமாக வளர்வது சினையின் இரண்டாம், மூன்றாம் மாதங்களில். 90ஆம் நாளை ஒட்டி அதன் எடை உச்சத்தைத் தொட்டுவிடும். பிறகு கூடுவது ரத்த ஓட்டமும் சத்தைக் கடத்தும் திறனும்தான். நஞ்சுக்கொடி சிறுத்துப்போன ஆட்டுக்கு 110ஆம் நாளுக்கு மேல் புண்ணாக்கை அள்ளிப் போட்டாலும் குட்டி முழுதாகத் தேறுவது அரிது. கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் பாருங்கள். மழைக்குத் தழைத்த கொழுக்கட்டைப்புல் மாசி, பங்குனியில் காய்ந்து கிடக்கும். மார்கழியில் சினை பிடித்த மேச்சேரி இனச் செம்மறிக்கு நஞ்சுக்கொடி வளர வேண்டியதும் அதே மாசி, பங்குனியில்தான். வயிறு இன்னும் வெளியே தெரியாததால் அதைச் சினை ஆடாகவே பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. கடைசி ஒன்றரை மாதத்தை மட்டும் நம்பும் பழக்கத்தின் பெரிய குறை இதுதான் என்பேன்.

அதற்காக நடுக்காலத்தில் எல்லா ஆட்டுக்கும் வாரி இறைக்கச் சொல்லவும் முடியாது. நல்ல சதைப்பற்றோடு சினையான ஆடு, நடுவில் தீனி லேசாகக் குறைந்தாலும் நஞ்சுக்கொடியைப் பெருக்கி ஈடுகட்டிக்கொள்வதுண்டு. மெலிந்த ஆட்டுக்கு அந்தத் தாங்குசக்தி இல்லை. தானே இன்னும் வளர்ந்து முடியாத இளம்பெட்டையின் நிலை இன்னும் வேறு. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் உள்ள ரோவெட் ஆய்வு நிலையத்தில் ஜாக்குலின் வாலஸ் குழுவினர், சினை தொடக்கத்திலிருந்தே இளம்பெட்டைகளுக்கு நிறையத் தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள். தாய் கொழுத்தது, நஞ்சுக்கொடி சிறுத்தது, குட்டிகள் எடை குறைந்து, நாள் முந்திப் பிறந்தன. உண்டதெல்லாம் தாயின் உடலுக்கே போயிருந்தது. சினை ஆட்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் நல்லது என்று நம்புகிறவர்கள் இந்த முடிவை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஒரே அளவைப் பட்டி முழுக்கக் கொட்டுவதும் சரியல்ல. ஒற்றைக்குட்டி ஆட்டுக்கு மிதமிஞ்சினால் குட்டி பெருத்து, ஈனும்போது சிக்கிக்கொள்ளும். திடீரென்று தானியத்தைக் கூட்டினால் இரைப்பையில் அமிலம் ஏறும். சினையின் 45 முதல் 90 நாளுக்குள் ஸ்கேன் பார்த்தால் எத்தனை குட்டி என்று தெரியும்; அந்த வசதி இல்லாத ஊரிலும், இடுப்புப் பகுதி முதுகெலும்பின் மேல் கை வைத்து அழுத்தினால் சதை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அதற்குச் செலவே இல்லை. ஒரு மூட்டை அடர்தீவனத்துக்கு மேல் வாங்க முடியாத ஆட்டுக்காரர், மெலிந்த ஆடுகளை மாசியிலேயே தனியாகப் பிரித்து அதில் ஒரு பங்கைக் கொடுக்கலாம். மிச்சத்தைக் கடைசி ஆறு வாரத்துக்கு வைத்துக்கொண்டு, இரட்டை சுமப்பவற்றுக்கு முதலில் போடலாம்.